பட்ஜெட்டை முதலில் காட்டுங்கள்

யாராவது புதிதாக ஒரு கிராண்ட் ப்ரொபோசலை, அதாவது ஆராய்ச்சிக்குப் பணம் கேட்கும் விண்ணப்பத்தை, எனக்கு அனுப்பினால் நான் முதலில் திறப்பது பட்ஜெட் தாளைத்தான். எந்தப் புரதம், எந்த அல்காரிதம், எந்தப் பூச்சி என்பதெல்லாம் அப்புறம். "பட்ஜெட் இன்னும் போடலை, சயின்ஸ் முடிஞ்சதும் போட்டுடலாம்" என்று பதில் வந்தால், சரி, இந்த மாதக் கடைசி இப்படித்தான் போகப்போகிறது என்று மனசைத் தயார் செய்துகொள்வேன்.

அமெரிக்காவின் நடுமேற்கில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் எனக்கு வேலை. பேராசிரியர்கள் மத்திய அரசின் நிதி அமைப்புகளுக்கு, அதாவது என்.ஐ.ஹெச். (தேசிய சுகாதார நிறுவனங்கள்), என்.எஸ்.எஃப். (தேசிய அறிவியல் அறக்கட்டளை), எரிசக்தித் துறை, வேளாண் துறை, எப்போதாவது நாசா, இவற்றுக்கெல்லாம் விண்ணப்பிக்கும்போது அதைத் தயார் செய்ய உதவி, சரிபார்த்து, அனுப்பி, பணம் வந்தபின் கணக்கையும் கவனிக்கிற அலுவலகம் எங்களுடையது. ஊரில் கேட்பவர்களிடம் "யுனிவர்சிட்டியில வேலை" என்று சொன்னால் புரொபசர் என்று எடுத்துக்கொள்கிறார்கள். நானும் திருத்துவதில்லை, திருத்தினால் அரை மணி நேரம் விளக்க வேண்டிவரும். இங்கே போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி, முடித்து உதவிப் பேராசிரியராகச் சேரும் நம் பிள்ளைகள் பலர், ஆராய்ச்சியில் கெட்டிக்காரர்களாக இருந்தும், இந்தப் பக்கம் ஒன்றுமே தெரியாமல் வந்து நிற்பதைப் பார்க்கிறேன். பிஎச்.டி.யில் யாரும் இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. கைடு பணம் கொண்டுவருவார், மாணவர் செலவு செய்வார், அவ்வளவுதான் அவர்கள் பார்த்தது.

முதல் குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடுகிறேன். விண்ணப்பிப்பது பேராசிரியர் அல்ல, பல்கலைக்கழகம். பேராசிரியர் அதில் பி.ஐ., முதன்மை ஆய்வாளர். பணம் பல்கலைக்கழகத்தின் பெயரில்தான் வரும், கையெழுத்துப் போடும் அதிகாரமும் எங்கள் அலுவலகத்தில் குறிப்பிட்ட சிலருக்குத்தான் உண்டு. இதனால் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. ஹெச்-1பி விசாவில் இருப்பவர்கள் பலர் தங்களால் விண்ணப்பிக்கவே முடியாது என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்படியில்லை. என்.ஐ.ஹெச்.சின் வழக்கமான ஆய்வு நிதியான ஆர்01-க்கும், என்.எஸ்.எஃப். இளம் பேராசிரியர்களுக்குத் தரும் கேரியர் விருதுக்கும் குடியுரிமை கேட்பதில்லை. போஸ்ட்டாக் காலத்தில் போடும் கே99-க்கும் கேட்பதில்லை. மற்ற கே வகை விருதுகளில் பெரும்பாலானவற்றுக்கும், மாணவர் பயிற்சி நிதிகளுக்கும், பாதுகாப்புத் துறையின் சில இளம் ஆய்வாளர் நிதிகளுக்கும் குடியுரிமையோ கிரீன் கார்டோ வேண்டும். அறிவிப்பில் தகுதி என்று ஒரு பகுதி இருக்கும், அதைப் படித்துவிட்டு மனசு விடலாம், படிக்காமல் விட வேண்டாம்.

சரி, பட்ஜெட்டுக்கு வருகிறேன். பட்ஜெட் என்றால் எல்லாரும் அதை ஒரு கணக்குப்பிள்ளை வேலையாக நினைக்கிறார்கள். ஐந்து வருஷத்தில் யார் என்ன வேலையை, எத்தனை மாதம், எதை வைத்துச் செய்யப்போகிறார்கள் என்பதை மழுப்ப முடியாமல் சொல்லும் ஒரே பக்கம் அதுதான். அறிவியல் பகுதியில் "விரிவாக ஆராய்வோம்" என்று எழுதிவிட்டுப் போய்விடலாம். பட்ஜெட்டில் அந்த விரிவுக்கு ஓர் ஆளும் ஒரு தொகையும் தேவை.

எங்கள் மருத்துவக் கல்லூரியில் கோவைப் பக்கத்துத் தம்பி ஒருவர், நோய் எதிர்ப்பாற்றலில் ஆராய்ச்சி, முதல் ஆர்01 எழுதிக்கொண்டிருந்தார். (எழுத்தில் ஆர்01, வாயில் ஆர் ஓ ஒன்.) மூன்று இலக்குகள். இரண்டாவதில் மரபணு மாற்றிய எலி நான்கு வகை, ஒவ்வொன்றிலும் ஆண் பெண் தனித்தனி, மூன்று வயதுகளில். படிக்கப் பிரமாதமாக இருந்தது. எலிக்கு எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். "சப்ளைஸ்ல வருஷத்துக்குப் பன்னெண்டாயிரம் போட்டிருக்கேனுங்க அக்கா" என்றார். அது எலி வாங்குகிற காசு. எலி குடியிருக்க வாடகை யார் தருவது? விலங்குக் கூடத்தில் கூண்டுக்கு நாள் வாடகை உண்டு. கூண்டுக்கு ஒன்றேகால் டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவருடைய கணக்குப்படி எப்போதும் 80 கூண்டாவது ஓடும். நாளைக்கு 100 டாலர். வருஷத்துக்கு 36,500. ஐந்து வருஷத்துக்கு 1,82,500 டாலர், அதுவும் வாடகை ஏறாமல் இருந்தால். கொஞ்ச நேரம் ஸ்ப்ரெட்ஷீட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் வந்த வரைவில் எலி வகை இரண்டாகியிருந்தது, வயது மூன்றும் இரண்டாகியிருந்தது, எதற்காக இந்த இரண்டு வயதுகள் மட்டும் என்று ஒரு பத்தியும் சேர்ந்திருந்தது. முந்தைய வரைவில் இல்லாத காரணம் அது. அந்தப் பத்திதான் அந்த ப்ரொபோசலிலேயே தெளிவான பத்தி என்று எனக்கு இன்றைக்கும் தோன்றுகிறது. அவரிடம் எலியைக் குறையுங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

என்.ஐ.ஹெச்.சில் இந்தச் சிக்கல் மறைந்தே இருப்பதற்கு ஒரு காரணம், மாடுலர் பட்ஜெட். வருஷத்துக்கு 2.5 லட்சம் டாலருக்குள் நேரடிச் செலவு, அதாவது ஆய்வுக்கென்றே ஆகும் செலவு, கேட்டால், விவரக் கணக்கு வேண்டாம், 25,000 டாலர் துண்டுகளாக இத்தனை துண்டு என்று கேட்டால் போதும். 1999-ல் இந்த முறை வந்தபோது வைத்த உச்சவரம்பு அதே 2.5 லட்சம்தான். அன்றைக்கு அந்தத் தொகையில் ஒரு லேபே நடக்கும். இன்றைக்கு ஒரு போஸ்ட்டாக், ஒரு மாணவர், ஒரு டெக்னீஷியன், பி.ஐ.யின் சம்பளத்தில் ஒரு பங்கு, இதைப் போட்டதும் எலிக்கும் ரசாயனத்துக்கும் என்ன மிச்சம் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். துண்டாகக் கேட்டால் போதும் என்பதால் உள்ளே கணக்கே போடாமல் பத்துத் துண்டு என்று எழுதி அனுப்புகிறவர்கள் நிறைய. நாங்கள் மாடுலர் என்றாலும் உள்ளுக்குள் முழு விவரப் பட்ஜெட் கேட்போம். எரிச்சல்படுவார்கள். படட்டும்.

சம்பளம் போடுவதிலும் நுணுக்கம் உண்டு. சதவீதமாகப் பேசுவோம், மாதமாக எழுதுவோம். பன்னிரண்டு மாதச் சம்பளக்காரர் 10 சதவீத உழைப்பு தந்தால் 1.2 மாதம். ஒன்பது மாதச் சம்பளம் வாங்கும் பொறியியல், அறிவியல் பேராசிரியர்களுக்குக் கல்வியாண்டு வேறு, கோடை மூன்று மாதம் வேறு. என்.ஐ.ஹெச்.சுக்குச் சம்பள உச்சவரம்பு ஒன்று இருக்கிறது, 2025-ல் அது 2,25,700 டாலர். மருத்துவர்கள் பலரின் சம்பளம் அதற்கு மேல். வித்தியாசத்தைத் துறைதான் தன் கையிலிருந்து போட வேண்டும், துறைத் தலைவருக்கு அது பிடிக்காது. என்.எஸ்.எஃப். வேறு மாதிரி. ஒரு மூத்த ஆய்வாளருக்கு எல்லா என்.எஸ்.எஃப். நிதியும் சேர்த்து வருஷத்துக்கு இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் சாதாரணமாகத் தருவதில்லை. இரண்டு கிராண்ட் வைத்திருப்பவர் மூன்றாவதிலும் ஒரு மாதம் போட்டுக்கொண்டு வருவார். சார், ஏற்கெனவே இரண்டு மாதம் ஆயிற்று என்று சொல்ல வேண்டியிருக்கும்.

அடுத்தது ஓவர்ஹெட். இதைப் பற்றி எல்லாருக்கும் கருத்து இருக்கிறது, கணக்கு தெரிந்தவர்கள் கம்மி. கட்டடம், மின்சாரம், நூலகம், விலங்குக் கூடத்துக் கால்நடை மருத்துவர், மனிதர்கள் மீதான ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிக் குழு, கதிரியக்கப் பாதுகாப்பு, அப்புறம் எங்கள் அலுவலகம், இதையெல்லாம் ஒரு குறிப்பிட்ட ஆய்வின் கணக்கில் தனித்தனியாக எழுத முடியாது. அதனால் பல்கலைக்கழகமும் மத்திய அரசும் உட்கார்ந்து பேசி ஒரு விகிதம் முடிவு செய்கின்றன. அந்த விகிதம் 55 சதவீதம் என்றதும், நூறு டாலர் வந்தால் பல்கலைக்கழகம் 55-ஐ எடுத்துக்கொண்டு ஆராய்ச்சிக்கு 45 தருகிறது என்று நினைக்கிறார்கள். செய்தியிலேயே அப்படி எழுதுகிறார்கள்.

கணக்கு இப்படி. வருஷத்துக்கு நேரடிச் செலவு 2.5 லட்சம் டாலர். அதில் 30,000-க்கு ஒரு கருவி, 20,000 மாணவரின் கல்விக் கட்டணம். கருவிக்கும் கல்விக் கட்டணத்துக்கும் ஓவர்ஹெட் கிடையாது. மிச்சம் 2 லட்சம். அதற்கு 55 சதவீதம் 1,10,000. அரசு தரும் மொத்தத் தொகை 3,60,000. மொத்தத்தில் ஓவர்ஹெட் 31 சதவீதத்துக்கும் கொஞ்சம் குறைவு. நேரடிச் செலவிலிருந்து எடுப்பதில்லை, அதற்கு மேல் தருவது. இது மாடுலர் மாதிரியான என்.ஐ.ஹெச். கணக்கு. என்.எஸ்.எஃப்.பில் அறிவிப்பிலேயே மொத்தத் தொகைக்கு உச்சவரம்பு இருந்தால் ஓவர்ஹெட் அதற்குள்ளேதான் வரும், அப்போது பேராசிரியரின் கையைக் கடிக்கத்தான் செய்யும். அவர்கள் புலம்பலில் நியாயமே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன்.

இந்த விதிகள் ஏன் இவ்வளவு இறுக்கம் என்று கேட்டால் 1991-க்குப் போக வேண்டும். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் ஓவர்ஹெட் கணக்கில் ஓர் உல்லாசப் படகின் தேய்மானமும், தலைவர் வீட்டுப் பூச்செலவும் வந்திருந்தது நாடாளுமன்ற விசாரணையில் வெளியானது. தலைவர் டொனால்டு கென்னடி பதவி விலகுவதாக அறிவித்தார். அதே வருஷம் பல்கலைக்கழகங்களின் நிர்வாகச் செலவுப் பங்குக்கு 26 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டார்கள். அது இன்றுவரை அப்படியே இருக்கிறது. அதற்குப் பின் வந்த சட்ட திட்டம், சான்றளிப்பு, பயிற்சி எல்லாவற்றுக்கும் ஆள் வைக்கிற செலவு 26-ஐத் தாண்டினால் பல்கலைக்கழகம்தான் ஏற்க வேண்டும், பெரும்பாலும் தாண்டத்தான் செய்கிறது.

2025 பிப்ரவரி 7, வெள்ளிக்கிழமை. இனி எல்லாருக்கும் ஓவர்ஹெட் 15 சதவீதம்தான், திங்கட்கிழமையிலிருந்து அமல் என்று என்.ஐ.ஹெச். அறிவித்தது. புதிதாகத் தருபவற்றுக்கு மட்டுமல்ல, நடப்பில் இருப்பவற்றுக்கும். மேலே போட்ட கணக்கில் 1,10,000 என்பது 30,000 ஆகிவிடும். ஒரே ஒரு கிராண்டில், ஒரு வருஷத்தில், 80,000 டாலர் குறைவு. எங்களைப் போன்ற இடத்தில் இது எத்தனை கிராண்டுக்குப் பெருக்க வேண்டும் என்பதை அந்த சனி ஞாயிறு யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மாநிலங்களும் பல்கலைக்கழகச் சங்கங்களும் வழக்குப் போட, பாஸ்டனில் மத்திய நீதிமன்றம் உடனே தடை விதித்தது, ஏப்ரலில் அது நிரந்தரத் தடையானது. அந்தச் சில வாரங்களில் நாங்கள் ஒவ்வொரு பட்ஜெட்டையும் இரண்டு விகிதத்தில் போட்டு வைத்தோம். ஓவர்ஹெட்டை வாழ்நாள் முழுக்கத் திட்டிய பேராசிரியர்கள் சிலர் அப்போதுதான், விலங்குக் கூடத்தின் மானியம் எங்கிருந்து வருகிறது என்று கேட்கத் தொடங்கினார்கள்.

அறிவியல் பகுதியைப் பற்றி நான் அதிகம் பேசக் கூடாது, அது என் துறை இல்லை. ஆனால் வடிவம் என் துறை. ஆர்01-க்கு இலக்குகள் ஒரு பக்கம், ஆய்வுத் திட்டம் 12 பக்கம். என்.எஸ்.எஃப்.புக்கு 15 பக்கம், அதற்கு முன்னால் ஒரு பக்கச் சுருக்கம். என்.ஐ.ஹெச்.சில் எழுத்து 11 புள்ளிக்குக் குறையக் கூடாது, ஓரம் அரை அங்குலமாவது வேண்டும். என்.எஸ்.எஃப்.பில் ஓரம் ஓர் அங்குலம். பதின்மூன்றாம் பக்கத்தில் இரண்டு வரி வழிந்தால் படங்களைச் சுருக்குவார்கள், படத்துக்குள் இருக்கும் எழுத்து எறும்பாகிவிடும், மூக்குக்கண்ணாடி போட்ட மதிப்பீட்டாளர் ராத்திரி பதினொரு மணிக்கு அதைப் படிக்கப்போகிறார் என்பதை மறந்துவிடுவார்கள். இரண்டு வாக்கியத்தை எடுத்துவிடுவது நல்லது. எந்த இரண்டு வாக்கியம் என்று கேட்டால் எனக்குத் தெரியும், சொல்ல மாட்டேன்.

என்.எஸ்.எஃப். பக்கம் புதியவர்கள் சறுக்கும் இடம், சமுதாயத்துக்கு என்ன பயன் என்று சொல்லும் பகுதி. பிராடர் இம்பாக்ட்ஸ். அறிவுத் தகுதியோடு சேர்த்து எடைபோடும் இரண்டாவது அளவுகோல் அது, சுருக்கத்தில் தனியாக வர வேண்டும், திட்ட விளக்கத்துக்குள்ளும் அதே பெயரில் தனித் தலைப்பாக வர வேண்டும். இல்லாவிட்டால் படிக்காமலே திருப்பி அனுப்பலாம், அனுப்பியும் இருக்கிறார்கள். அந்தத் தலைப்பை வைத்துவிட்டுக் கீழே "பள்ளி மாணவர்களுக்குப் பயிற்சி முகாம் நடத்துவோம்" என்று ஒரு வரி. எந்தப் பள்ளி, யார் நடத்துவார், பஸ் வாடகை யார் தருவார்? பட்ஜெட்டில் அதற்கு ஒரு காசு இல்லையென்றால், முகாம் நடக்காது என்று எனக்கே தெரிகிறது, குழுவில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாதா? கேரியர் விருதில் இது இன்னும் முக்கியம். ஐந்து வருஷத்துக்குக் குறைந்தது 4 லட்சம் டாலர், ஒருவர் வாழ்நாளில் மூன்று முறைதான் போட்டியிடலாம். ஜூலை மாதத்தின் நான்காவது புதன்கிழமை கடைசி நாள். கல்வித் திட்டத்துக்கு ஒரு பைசா ஒதுக்காமல் அதில் ஒரு முறையை வீணாக்குவது எனக்குப் பொறுக்காது.

வேறு பல்கலைக்கழகக் கூட்டாளி இருந்தால் வேலை இரட்டிப்பாகும். அவர்களிடமிருந்து வேலை விவரம், பட்ஜெட், அதற்கான நியாயம், அவர்கள் அலுவலகம் கையெழுத்திட்ட கடிதம் எல்லாம் வேண்டும். கூட்டாளிப் பேராசிரியர் "ஓ, தாராளமாக" என்று மின்னஞ்சல் போட்டிருப்பார், அவருடைய அலுவலகத்துக்கு அப்படி ஒரு விஷயம் இருப்பதே தெரிந்திருக்காது. இந்தியாவில் கூட்டாளி என்றால் இப்போது இன்னொரு சிக்கல். வெளிநாட்டு நிறுவனங்களுக்கு அமெரிக்கப் பல்கலைக்கழகம் வழியாகப் பங்கு தரும் பழைய முறையை 2025 மே மாதம் என்.ஐ.ஹெச். நிறுத்தியது, புதிய ஏற்பாடு செய்வதாகச் சொல்லி. வேலூரிலோ புனேயிலோ இருக்கிற மருத்துவமனையோடு வருஷக்கணக்காகச் சேர்ந்து வேலை செய்தவர்களுக்கு இது பெரிய அடி. அறிவிப்பைப் படிக்காமல் பழைய ப்ரொபோசலின் பட்ஜெட்டை அப்படியே நகலெடுத்து வைப்பவர்கள் கவனிக்க வேண்டும்.

இந்தியத் தொடர்பு என்று வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஊரில் ஏதாவது ஐ.ஐ.டி.யிலோ பல்கலைக்கழகத்திலோ வருகைப் பேராசிரியர், கௌரவப் பதவி, கோடையில் இரண்டு வாரம் வகுப்பு எடுக்கிற ஏற்பாடு இருந்தால், சம்பளம் இல்லாவிட்டாலும் சொல்லிவிடுங்கள். நடப்பிலும் நிலுவையிலும் உள்ள ஆதரவு என்று ஒரு படிவம் இருக்கிறது, அதிலோ வாழ்க்கைக் குறிப்பிலோ வர வேண்டும். 2022-ல் வந்த சிப்ஸ் அண்ட் சயின்ஸ் சட்டத்துக்குப் பிறகு இதில் கெடுபிடி கூடிவிட்டது. சட்டம் பெயர் சொல்லிக் கவலைப்படும் நாடுகளில் இந்தியா இல்லை. ஆனால் மறைத்தது பின்னால் தெரியவந்தால் எந்த நாடு என்று யாரும் பார்க்கப்போவதில்லை, மறைத்தாரா என்றுதான் பார்ப்பார்கள். "சும்மா போய் நாலு லெக்சர் குடுத்துட்டு வர்றதெல்லாம் சொல்லணுமா?" என்று கேட்பார்கள். என்னைக் கேளுங்கள், எழுதலாமா வேண்டாமா என்று சேர்ந்து முடிவு செய்வோம்.

கடைசி வாரம். எங்கள் உள் கெடு ஐந்து வேலை நாள் முன்னதாக. ஐந்து நாள் எதற்கு என்று கேட்காத பேராசிரியர் கிடையாது. என்.ஐ.ஹெச். புதிய ஆர்01-களுக்குப் பிப்ரவரி 5, ஜூன் 5, அக்டோபர் 5, அந்தந்த ஊர் நேரப்படி மாலை 5 மணி. ஒரே நாளில் ஒரே அலுவலகத்திலிருந்து எத்தனை போகும் என்று யோசித்துப் பாருங்கள். அனுப்பியபின் கணினி சோதிக்கும். எச்சரிக்கை என்று வந்தால் போகட்டும் என்று விடலாம், எரர் என்று வந்தால் அந்த விண்ணப்பம் உள்ளே போகவே இல்லை என்று அர்த்தம். அதைத் திருத்தித் திரும்ப அனுப்ப நேரம் வேண்டும். சேர்த்துக் கோத்த பி.டி.எஃப்.பைப் பார்க்க இரண்டு வேலை நாள் உண்டு என்று ஒரு விதி இருப்பதைச் சிலர் கெடுவுக்குப் பிறகான இரண்டு நாள் என்று புரிந்துகொள்கிறார்கள். கெடு தாண்டிவிட்டால் அந்த இரண்டு நாளில் வருத்தத்தோடு பார்த்துக்கொண்டிருக்கலாம், மாற்றி அனுப்பினால் தாமதம்தான். மாலை 4:40-க்கு "ஃபிகர் 3 மட்டும் மாத்திக்கலாமா" என்று வரும் தொலைபேசிக்கு என்னிடம் ஒரே பதில் இருக்கிறது.

போன பிறகு நடப்பது எங்கள் கையில் இல்லை. என்.ஐ.ஹெச்.சில் மதிப்பீட்டுக் குழுவில் பெரும்பாலும் மூன்று பேர் ஆழமாகப் படித்து 1 முதல் 9 வரை மதிப்பெண் போடுவார்கள், 1 தான் உயர்ந்தது. கீழ்ப் பாதியில் விழுந்தவை பெரும்பாலும் விவாதத்துக்கே வராது. பட்ஜெட்டைப் பற்றிப் பேசுவது மதிப்பெண் போட்டு முடித்த பிறகுதான், அது மதிப்பெண்ணைப் பாதிக்கக் கூடாது என்பது விதி. அப்படியானால் பட்ஜெட்டில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். 2025 ஜனவரியில் வந்த புதிய முறையில் ஆய்வு முறையின் கண்டிப்பும் நடைமுறைச் சாத்தியமும் சேர்ந்து ஓர் அளவுகோல். எலி நான்கு வகை, ஆள் ஒன்றரை என்றால், பட்ஜெட்டைத் திறக்காமலே சாத்தியத்தில் அடி விழும். முதல் முறை கிடைக்காவிட்டால் 37 மாதத்துக்குள் திருத்தி மறுபடி ஒருமுறை அனுப்பலாம். திருத்தி அனுப்புங்கள். அவசரப்பட்டு அடுத்த கெடுவுக்கே வேண்டாம். ஏ.ஐ.யை வைத்து எழுதிக் குவித்தவர்களின் புண்ணியத்தில், 2025 செப்டம்பர் 25 முதல் ஓர் ஆய்வாளர் வருஷத்துக்கு ஆறு விண்ணப்பம்தான் என்று வேறு கட்டுப்பாடு வந்துவிட்டது. ஆறே அதிகம் என்பது என் கட்சி.

கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இனிப்பு வரும், லேபில் படம் எடுத்துப் போடுவார்கள். பணம் காசோலையாக வராது. பல்கலைக்கழகம் செலவு செய்துவிட்டு அரசிடம் எடுத்துக்கொள்ளும். அதனால் தவறான செலவு என்றால் திருப்பித் தர வேண்டியது பல்கலைக்கழகம், அப்புறம் அது எந்தத் துறையின் தலையில் விழும் என்பது தெரிந்த விஷயம். ஒவ்வொரு செலவும் நியாயமான விலையா, இந்த ஆய்வுக்கானதா, விதி அனுமதிக்கிறதா, மற்ற இடங்களில் செய்வது போலவே செய்கிறோமா என்று பார்க்க வேண்டும். மதுவுக்குக் கிடையாது, கருத்தரங்க விருந்தாக இருந்தாலும் கிடையாது. விமானப் பயணம்தான் நம் ஆட்கள் மாட்டும் இடம். ஆய்வு வேலையாகச் சென்னை போகிறார், எமிரேட்ஸில் டிக்கெட் மலிவு, துபாயில் இறங்கி மாறினால் வசதி, போட்டுவிடுகிறார். மத்திய அரசுப் பணத்தில் பயணம் என்றால் டிக்கெட்டில் அமெரிக்க விமான நிறுவனத்தின் குறியீடு இருக்க வேண்டும், இல்லை அமெரிக்கா சில நாடுகளோடு செய்துள்ள விமான ஒப்பந்த விதிவிலக்கு ஒன்றில் வர வேண்டும். மலிவு என்பது விதிவிலக்கில் சேராது. டிக்கெட் போடுவதற்கு முன் ஒரு மின்னஞ்சல் போட்டால் போதும், போட்ட பிறகு வரும் மின்னஞ்சல்தான் நீளமாகிவிடுகிறது.

ஃபெடரல் டெமான்ஸ்ட்ரேஷன் பார்ட்னர்ஷிப் என்று, மத்திய நிதி அமைப்புகளும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்த அமைப்பு ஒன்று 2018-ல் எடுத்த கருத்தாய்வில், மத்திய நிதி வைத்திருக்கும் ஆய்வாளர்கள் தங்கள் ஆராய்ச்சி நேரத்தில் 44 சதவீதத்தை ஆராய்ச்சி அல்லாத வேலைகளில் கழிக்கிறார்கள் என்று வந்தது. அவர்களே சொன்ன மதிப்பீடு அது. மிகை என்று நினைத்தவர்கள் எங்கள் அலுவலகத்தில் யாரும் இல்லை. அந்த 44-ஐக் குறைக்கத்தான் நாங்கள் இருக்கிறோம். ஆனால் அதில் ஒரு பகுதி நாங்கள் அனுப்பும் மின்னஞ்சல்களுக்குப் பதில் எழுதுவது என்பதும் உண்மை.

முதல் வருஷம் எல்லாம் பட்ஜெட்டில் போட்டபடி போகும் என்று நினைக்காதீர்கள். போஸ்ட்டாக் விசா தாமதமாகும், பணம் தேங்கும். மாணவருக்குச் சம்பளத்தை வேறு கணக்கில் போட்டுவிட்டு எட்டு மாதம் கழித்து இந்தக் கணக்குக்கு மாற்றச் சொல்வார்கள், தணிக்கைக்காரர் முதலில் எடுப்பது அந்தக் காகிதத்தைத்தான். பி.ஐ. மூன்று மாதத்துக்கு மேல் விலகி இருந்தாலோ, ஒத்துக்கொண்ட உழைப்பை 25 சதவீதத்துக்கு மேல் குறைத்தாலோ முன் அனுமதி வாங்க வேண்டும். டீன் பதவி கிடைத்த சந்தோஷத்தில் இதை மறந்தவர்கள் உண்டு.

ஒரு மூத்த பேராசிரியர், திருநெல்வேலிக்காரர், கிராண்ட் முடிய மூன்று வாரம் இருக்கும்போது கூப்பிட்டார்.

"ஏம்மா, அதுல பதினெட்டாயிரம் மிச்சம் கெடக்கே, ஒரு சர்வர் வாங்கிப் போட்டுருவமா?"

"மூணு வாரத்துல அந்த சர்வர் இந்த ஆய்வுக்கு என்ன சார் செய்யும்?"

"அதெல்லாம் எழுதிக்கலாம்மா."

"எழுதிக்கலாம் சார், கேக்குறவங்களுக்கும் படிக்கத் தெரியும்."

கடைசி மூன்று மாதத்தில் வாங்கிய பெரிய பொருள்களைத் தனியாகப் பிரித்துப் பார்ப்பது தணிக்கையில் வழக்கம். ஆய்வில் ஏதாவது பாக்கி இருக்கிறதா என்று கேட்டேன். மூன்றாம் இலக்கில் ஓர் அளவீடு பாக்கி, மாணவி ஒருத்தி செய்துகொண்டிருக்கிறாள் என்றார். அப்படியானால் கூடுதல் பணம் கேட்காமல் காலத்தை மட்டும் நீட்டிக்கலாம், ஒரு முறை, பன்னிரண்டு மாதம் வரை, ஆனால் முடியும் தேதிக்கு முன்பே கேட்க வேண்டும். பணம் மிச்சம் இருக்கிறது என்பது மட்டும் காரணமாக ஏற்காது, வேலை மிச்சம் இருக்க வேண்டும். இருந்தது. மூன்று பத்தி எழுதினார், நீட்டிப்பு கிடைத்தது, அந்தப் பதினெட்டாயிரத்தில் மாணவியின் சம்பளத்தில் ஒரு பகுதி ஓடியது, அளவீடும் முடிந்தது.

அதன்பின் 120 நாளில் இறுதி அறிக்கை, நிதி அறிக்கை, கண்டுபிடிப்பு ஏதாவது உண்டா என்ற அறிக்கை எல்லாம் போய்க் கணக்கை மூடினோம். செலவாகாமல் நானூறு டாலர் சொச்சம் அரசுக்கே திரும்பிப் போனது. "நாலு பெட்டி பைப்பெட் டிப்பாவது வாங்கியிருக்கலாமேம்மா" என்று இன்னும் என்னை எங்கே பார்த்தாலும் கேட்கிறார்.